முன்னறைச் சுவரில் கூட்ஸ் வண்டி

என் அக்கா புருஷன் ராஜமுருகனைப் போல மெதுவாக மலை இறங்குகிற டிரைவரை நான் பார்த்ததில்லை. மேலே தன் ஊரான பேத்துப்பாறையில் பூண்டும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு அவருடைய பிக்கப் கிளம்பினால், பெருமாள்மலையில் என் ஹார்டுவேர் கடையைக் கடப்பதற்குள் பின்னால் ஒரு கல்யாண ஊர்வலமே சேர்ந்துவிடும். ஆரன் அடிப்பார்கள், அப்பன் பாட்டனை இழுத்துத் திட்டுவார்கள். மாமா ஒதுங்க இடம் பார்த்து ஒதுங்கி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "போங்க சாமி, வெரசாப் போயிச் சேருங்க" என்பார். ஏற்றத்தில் எந்த கியரோ இறக்கத்திலும் அதே கியர் என்று மலை டிரைவர்கள் எல்லோரும்தான் சொல்கிறார்கள். சொன்னபடி ஓட்டுகிறவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்.

எனக்கு அவரைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். ஒரு ஆணி வளைந்தாலே சுத்தியலைத் தூக்கி எறிகிற ஆள் நான். அவரோ வளைந்த ஆணியை எடுத்து, கல்லில் வைத்து நிமிர்த்தி, அதற்கு ஒரு நல்ல வார்த்தையும் சொல்லி மறுபடி அடிப்பார். எப்படித்தான் என் அக்கா பாண்டிச்செல்வி இத்தனை வருஷம் இவரோடு குப்பை கொட்டினாளோ என்று நான் கேட்பதுண்டு. "ஒன்னோட ஒரு நாளு இருக்கச் சொல்லு, அப்பத் தெரியும் என் புருசன் அருமை" என்பாள்.

மலையில் பிறந்தவர்களுக்கு ரயில் என்பது கீழே ஓடுகிற சமாசாரம். எங்கள் மலையின் பேரை வைத்துக்கொண்டு கொடை ரோடு என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அதுவும் மலையை விட்டு இறங்கி வெகுதூரம் போனால்தான் வரும். மதுரைக்குக் காய் கொண்டு போகிற நாட்களில் எங்கேயாவது ரயில்வே கேட் மூடியிருந்தால், மற்ற டிரைவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். மாமா மட்டும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போய்க் கம்பியோரம் நின்றுகொள்வார். பயணிகள் ரயில் வந்தால் முகம் வாடிவிடும். கூட்ஸ் வந்தால்தான் கொண்டாட்டம்.

"பாரு மாப்ள, முன்னால ஒருத்தன் இழுக்குறான். அத்தன பேரும் வாயத் தொறக்காமப் பின்னால போறான். ஒருத்தனாச்சும் ஆரன் அடிக்கிறானா?" என்று ஒரு தடவை என்னிடம் கேட்டார். அவர் பிழைப்பை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு வருஷம் முன்பு வைகாசியில், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அவருடைய மகள் தமிழ்மதி, அப்பாவின் பிறந்தநாளுக்கு ஒரு அட்டைப்பெட்டி அனுப்பினாள். சட்டையாக இருக்கும் என்று பிரித்தால், உள்ளே ஒரு சின்ன டீசல் எஞ்சின், நாலு கூட்ஸ் பெட்டி, தண்டவாளத் துண்டுகள், வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகுகிற ஒரு கன்ட்ரோலர். எஞ்சின் என் உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் நீளம். மாமா அதை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "தூசி" என்றார். பேத்துப்பாறையில் மழை பெய்துகொண்டிருக்கும்போது எங்கிருந்து தூசி வரும்?

முதலில் தரையில் வட்டமாகப் போட்டு ஓட்டினார். அது நாலு நாள்கூடத் தாங்கவில்லை. அக்கா தண்ணீர்க் குடத்தோடு வந்து ஒரு தண்டவாளத்தை மிதித்தாள். மிச்சத்தைச் சிமெண்டுத் தரையின் ஓதம் பார்த்துக்கொண்டது. அப்போதுதான் மாமாவுக்கு அந்த யோசனை வந்தது. சுவரில் நீளமாகத் தட்டு அடித்து அதன் மேல் ரயில் விடுவது.

சும்மா விடுவதில்லை. தட்டின் ஒரு முனை கொடை ரோடு. மறுமுனை பேத்துப்பாறை. நடுவில் மலை. "நம்ம ஊருக்கு மொத ரயில நாந்தான் விடப்போறேன்" என்றார். சொல்லும்போது கண் அப்படி மின்னியது. கிண்டல் செய்ய வாயெடுத்த நான் மூடிக்கொண்டேன்.

ஆனால் எந்தச் சுவர்? ஆடி ஆவணி மாதங்களில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். சட்டை காயாது, உப்பு கரையும், சுவரெல்லாம் பச்சை பிடிக்கும். அந்த வீட்டில் காய்ந்த சுவர் என்று ஒன்றே ஒன்றுதான். முன்னறையில், அடுப்படிக்கு முதுகைக் காட்டி நிற்கிற சுவர். அந்தப் பக்கம் விறகடுப்பு எரிவதால் இந்தப் பக்கம் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். அது அக்காவுடைய சுவர். தோட்டத்தில் எடுக்கிற பூண்டில் நல்லதைப் பொறுக்கி, தாளோடு முடிந்து, மூங்கிலில் கொத்துக் கொத்தாக அங்கேதான் தொங்கவிடுவாள். அடுத்த நடவுக்கு விதை அதுதான். விதைப்பூண்டு ஓதம் காத்துக் கெட்டால் அடுத்த போகம் போச்சு. வைகாசியில் விதையெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டதால் சுவர் காலியாக இருந்தது.

நேராகக் கேட்க மாமாவுக்குப் பயம். என்னைத் தூது அனுப்பினார்.

"சுவத்தக் குடுத்துட்டு வெதப்பூண்ட எங்க தொங்கவிட? ஒங்க மாமன் கழுத்துலயா?" என்றாள் அக்கா.

"பூண்டு வர இன்னும் நாள் கெடக்குல்ல? அதுவரைக்கும் குடேன்."

அவள் என் தோளுக்குப் பின்னால், கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்தே சத்தமாகச் சொன்னாள். "முத்துராசு, ஒங்க மாமன்ட்டச் சொல்லு. பூண்டு வீட்டுக்கு வர்ற அன்னிக்கு வரைக்கும் வச்சுக்கட்டும். அன்னிக்கு எங் கண்ணு முன்னால அந்த வண்டி கை படாம மலை ஏறி எறங்கணும். செஞ்சிட்டா சுவரு அவருக்கு. இல்லையா, பலகையக் கழட்டிட்டு மூங்கிலக் கட்டிருவேன். அப்பறம் ரயிலுன்ற பேச்சே இந்த வீட்டுல கூடாது."

மாமா கதவோரத்திலிருந்தே தலையாட்டினார்.

பிளைவுட்டும் இரும்பு ஆங்கிளும் என் கடையிலிருந்து வந்தன. ஒன்பது அடி நீளம், ஒரு முழம் அகலம். பெட்டியில் வந்த வளைவுத் துண்டுகள் அந்த அகலத்துக்குள் அடங்கவில்லை. மகளிடம் சொல்லி நேர்த் துண்டுகள் வரவழைத்தார். கொண்டை ஊசி வளைவு இல்லாத மலைப்பாதையா என்று ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் தேறிவிட்டார். வடிகட்டிய தேயிலைத் தூளைக் காயவைத்துப் பசையில் தூவினால் அசல் மண்ணாகிவிட்டது. சோலை மரத்துப் பாசியைப் பிய்த்து ஒட்டினால் மரம். தீப்பெட்டியில் வீடு. வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடக்கூட உட்காராமல் அதன் முன்னால் நிற்பார். காலையில் வெள்ளனே எழுந்து, லோடு எடுக்கப் போவதற்கு முன்னால் ஒரு மரம் நட்டுவிட்டுத்தான் போவார்.

"வயசான காலத்துல மனுசனுக்கு வந்த சோலியப் பாரு" என்று அக்கா முணுமுணுத்தாள். ஆனால் கொடை ரோடு ஸ்டேஷனுக்குப் பச்சைக் கொடி தைத்துக் கொடுத்தது அவள்தான். கேட்டால், துணி மிச்சம் கிடந்தது என்பாள்.

ஏற்றத்தில்தான் எல்லாம் கெட்டது. தட்டின் மேல் மரக்கட்டைகளை ஒன்றைவிட ஒன்று உயரமாக வைத்து, அதன் மேல் தண்டவாளத்தைப் போட்டார். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு சாண் உயர வித்தியாசம். நான் கடையிலிருந்து ரசமட்டத்தைக் கொண்டுவந்து வைத்தேன். நீர்க்குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு திரும்பி வரவே மாட்டேன் என்றது.

"மாமா, ரொம்பச் செங்குத்து."

அவர் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "ஏலே மாப்ள, இதுவா ஏத்தம்? கண்ணுக்கே தெரியலையேடா. நம்ம வீட்டு வாசலே இத விடச் சரிவு."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மாட்டுத் தொழுவத்திலிருந்து மாரியம்மன் கோயில் வரை எதுவுமே மட்டமாக இல்லாத ஊரில் பிறந்த மனுஷன். ரயிலுக்கு ஏற்றம் ஆகாது, இரும்புச் சக்கரம் இரும்பில் வழுக்கும் என்பது சமவெளிக்காரனுக்குத் தோன்றியிருக்கும். எங்கள் ஆட்களுக்கு எப்படித் தோன்றும்? எனக்கும் ரசமட்டம் சொல்லித்தான் தெரிந்தது.

எஞ்சின் கொடை ரோட்டை விட்டு உற்சாகமாகக் கிளம்பும். ஒரு முழம் ஏறும். அப்புறம் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. பிறகு மெல்லப் பின்னால் வழுக்கி வரும். மாமா பதறிப்போய்க் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பொடிக்கல்லை வைப்பார். மலையில் லாரி நின்றால் கிளீனர் ஓடிப்போய் டயருக்குக் கல் வைக்கிற அதே பழக்கம்.

டயர் கடையில் வீல் பேலன்ஸுக்கு ஒட்டுகிற ஈயக்கட்டிகளை வாங்கி வந்து எஞ்சினுக்குள் ஒட்டினார். இரண்டு முழம் ஏறியது. அதற்கு மேல் இல்லை. நாலு பெட்டியை மூன்றாக்கினார், இரண்டாக்கினார். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் கடைசியில் ஒரே ஒரு பெட்டி. அதுவும் பாதிமலையில் நின்றது. பிளைவுட் ஆடுகிறது என்று என் சரக்கின் மேல் பழியைப் போட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நானும் பதிலுக்குச் சொன்னேன். இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

உண்மையில் வண்டி ஏறாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பெட்டிகள் காலியாக இல்லை. ஒவ்வொன்றிலும் குட்டிக் குட்டி மணல் மூட்டைகள். சிமெண்டும் அரிசியும் உரமும் என்று கணக்கு. அதையும் அக்காதான் தைத்தாள், மிச்சத் துணியில். மாமா தன் வாழ்நாளில் முடிந்தவரை காலி வண்டியாக மலை ஏறியவர் இல்லை. பூண்டை இறக்கிவிட்டால், திரும்பி வருவதற்கு எங்கேயாவது ஒரு லோடு பிடித்துவிடுவார். ஒன்றும் கிடைக்காத நாளில் அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

"மூட்டைகள எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க மாமா."

"காலி வண்டிய ஏத்தச் சொல்றியா?" சட்டையில்லாமல் கல்யாணத்துக்குப் போகச் சொன்ன மாதிரி முறைத்தார்.

"அப்ப சரிவக் கொறைங்க."

"கொறைச்சா மலை எங்கடா?"

இப்படியே ஆவணி வந்துவிட்டது. ஒரு மத்தியானம் அக்காவின் தோட்டத்துப் பூண்டு வீட்டுக்கு வந்து இறங்கியது. முன்னறையில் தாளும் மண்ணுமாகக் குவியல். வாசலில் கால் வைத்ததுமே மூக்கில் ஏறுகிற வாசம். நான் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தேன். அக்கா வெட்டி வைத்த மூங்கில் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும், என்னவோ என் பெண்ணைப் பரீட்சைக்கு அனுப்புகிற மாதிரி எனக்கு இருந்தது.

மாமா தலை வாரி, சட்டை மாற்றி, எஞ்சினைத் துடைத்து வைத்திருந்தார். நாலு பெட்டியையும் மாட்டியிருந்தார். நாலிலும் மூட்டை. "இன்னிக்கு ஏறிரும்" என்றார். கன்ட்ரோலரைத் திருகினார். வண்டி கிளம்பியது. ஒரு முழம் ஏறியது. சக்கரம் சுற்றியது. நின்றது. பின்னால் வழுக்கி, கொடை ரோடு ஸ்டேஷனில் இடித்து, தீப்பெட்டி ஸ்டேஷனை ஒரு பக்கமாகச் சாய்த்தது.

மறுபடி ஒரு தடவை. அதே கதை.

மாமா ஜன்னல் திட்டிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்துவந்து, முதல் ஆங்கிளின் திருகாணியில் வைத்தார். திட்டியிருந்தால், கத்தியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். அந்த அமைதி தாங்கவில்லை. மனுஷன் மேல் இத்தனை பாசம் எனக்கு இருந்தது என்பதே அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

"என்னங்க கழட்டுறீங்க?" பூண்டுக் குவியல் முன்னால் உட்கார்ந்து தாளை முடிந்துகொண்டிருந்த அக்கா கேட்டாள்.

"சொன்ன சொல்லு சொல்லுதான செல்வி. ஏறல."

"எறங்குமா?"

மாமா திரும்பிப் பார்த்தார். "எறங்கிரும். அதுல என்ன இருக்கு?"

"அப்பறம் ஏன் கீழருந்து ஆரம்பிக்கிறீங்க? நம்ம ஊருல மொதல்ல எறங்குறதுதான லோடு? பூண்டு கீழ போனாத்தான அரிசியும் சிமிட்டியும் மேல வரும்? என்னமோ கொடை ரோட்டுல பூண்டு வெளையிற மாதிரி, தலகீழா ஓட்டிக்கிட்டு இருக்கீங்க."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வாழ்க்கை முழுவதும் பூண்டை இறக்கியே பிழைத்த மனுஷன்! ரயிலைக் கண்டதும் டிரைவர் புத்தி எங்கோ ஓடிவிட்டது. ரயில் என்றால் கீழே இருப்பது, அதனால் கீழேயிருந்துதான் கிளம்பும் என்று ஒரு நினைப்பு. அவர் திருகாணியை விட்டுவிட்டு, நெற்றியில் தட்டிக்கொண்டார்.

அக்கா எழுந்து வந்தாள். மணல் மூட்டைகளை எடுத்துப் போட்டுவிட்டு, குவியலில் இருந்து பொடிப் பூண்டாகப் பார்த்துப் பொறுக்கி, பெட்டிக்கு ஒன்றாக வைத்தாள். மாமா எஞ்சினையும் பெட்டிகளையும் மேலே, பேத்துப்பாறையில் கொண்டுபோய் வைத்தார். எஞ்சின் முன்னால், பூண்டு பின்னால்.

"மெதுவா" என்றாள் அக்கா.

அதை அவரிடம் சொல்ல வேண்டுமா? கன்ட்ரோலரை ஒரு மயிரிழை திருகினார். வண்டி அசைந்தது. நின்றுவிட்டதோ என்று நினைக்கிற வேகத்தில் இறங்க ஆரம்பித்தது. அக்கா அதற்குப் பக்கத்திலேயே நடந்தாள். பாசி மரங்களைத் தாண்டி, தேயிலைத் தூள் மேட்டைத் தாண்டி, பெருமாள்மலை என்று மாமா எழுதி வைத்திருந்த தீப்பெட்டிக் கடையைத் தாண்டி, வண்டி இறங்க இறங்க அவளும் ஒவ்வொரு அடியாக வைத்தாள். அடுப்படியில் பால் பொங்குகிற வாசம் வந்தது. அவள் திரும்பவில்லை. கடைசிச் சரிவில் பெட்டிகள் எஞ்சினை லேசாகத் தள்ளின. அவள் கை தானாக நீண்டது, அப்புறம் நினைவு வந்து முந்தானைக்குள் மடங்கியது. கை படக்கூடாது என்று சொன்னவள் அவள்தானே. மாமா வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தார். வண்டி சாய்ந்து கிடந்த ஸ்டேஷனுக்கு முன்னால் போய், பூண்டு ஒன்றுகூடச் சிந்தாமல் நின்றது.

அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "போய்ச் சேந்துருச்சு" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"சேந்துருச்சு. ஆனா இன்னும் ஏறலையே. ஏறி எறங்கணும்னுதான ஒன்னோட கண்டிசன்?" மாமா நேர்மைக்காரர். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளத் தயங்கமாட்டார். நான் அவர் காலை மிதித்தேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஏறுறதப் பத்தி எனக்கு என்ன? ஏறுனா நீங்க வீட்டுக்குத்தான வர்றீங்க. கல்யாணம் ஆன நாளுலருந்து நீங்க லோடோட எறங்குறத நான் நம்ம வாசல்லருந்து அந்த ரோட்டுத் திருப்பம் வரைக்குந்தான் பாத்திருக்கேன். அதுக்கு மேல கண்ணுக்குத் தெரியாது. போயிட்டேன்னு போனு வர்ற வரைக்கும் வயித்துல சோறு தங்காது. எறங்கிப் போயிச் சேர்ற வரைக்கும் முழுசா இன்னிக்குத்தான் பாத்தேன்."

மாமா கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்கு என் அக்கா புருஷன் ஏன் அத்தனை மெதுவாக மலை இறங்குகிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

"அப்ப பூண்டு?" என்று கேட்டேன். யாராவது ஏதாவது பேசியாக வேண்டியிருந்தது.

"அடுப்படிக்குள்ளயே கட்டிக்கிறேன். தலையில இடிக்கும்னுதான் இங்க கட்டுனது. குனிஞ்சு சமைச்சுட்டுப் போறேன். நீ அந்த மூங்கில எடுத்தா."

நான் மூங்கிலைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து கிடந்தது. துடைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது, மாமா பூண்டைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, அந்த மணல் மூட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நாலு காலிப் பெட்டியோடு எஞ்சினை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். சக்கரம் அங்கங்கே வழுக்கியது, திணறியது, ஆனாலும் ஏறியது. பேத்துப்பாறைக்கு முதல் ரயில் வந்து சேர்ந்தது. நான் விசிலடித்தேன்.

ரெண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா அதற்குள் பெட்டிகளில் மறுபடி பூண்டை வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்கா எறங்குங்க, பாப்போம்" என்றாள்.